இரண்டடி தள்ளி

சென்னியப்பன் பெட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு முதல் படியில் இடது காலை வைத்தான். இடதுதான் முதலில் போக வேண்டும். வலது முட்டி இப்போதெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, நைச்சியம் பண்ணித்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. வா சாமி, நாலு மாடிதான், இதை இறக்கிவிட்டால் மூட்டையில் மிச்சம் எல்லாம் துணியும் செருப்புமாகப் பஞ்சு போலத்தான் இருக்கும், வா. பெட்டிக்குள் கிரைண்டர். கோயமுத்தூரில் குடியிருந்துகொண்டு கிரைண்டரை ஆன்லைனில் வாங்குகிறவர்களை என்ன சொல்வது? தடுக்கி விழுந்தால் கிரைண்டர் கடை இருக்கிற ஊர் இது. இங்கேயே எங்கோ பீளமேட்டுப் பக்கம் செய்து, லாரி ஏறி, எந்த ஊர்க் குடோனிலோ படுத்துத் தூங்கி எழுந்து, மறுபடி இங்கேயே வந்து, கடைசியில் இவன் தோளில் ராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கல்லு வேறு. ஹவுசிங் போர்டு கட்டிடத்துக்கு லிப்ட் கிடையாது என்பது கிரைண்டருக்குத் தெரியுமா, அதை வாங்கின செல்வநாயகி அம்மாவுக்குத்தான் தெரியாதா. போனில் கேட்டபோது நல்லபடியாகத்தான் சொன்னார், நாலாவது மாடிங்கண்ணா, இடது கைப்பக்கம், கோலம் போட்ட வாசல் என்று. கீழே வந்து வாங்கிக்கோங்க என்று சொல்லியிருக்கலாம். மற்ற பையன்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று போனில் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவனுக்கு வாய் வராது. வாய் வராதவன் தோள்தான் கொடுக்க வேண்டும், அனுபவி. இடது, அப்புறம் வலது, வலது வரும்போது கைப்பிடிச் சுவரில் கொஞ்சம் சாய்ந்துகொள்.

முதல் மாடித் திருப்பத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற ஒரு பொடியன், யாரோ சாம்பார் தாளிக்கிற வாசனை. வீட்டில் பூங்கொடியும் இந்நேரம் தாளித்துக்கொண்டிருப்பாள், காதை போனிலேயே வைத்துக்கொண்டு. மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் கிரைண்டரைத் திட்டிக்கொண்டு வந்தான், தாளிக்கிற வாசனை வந்து போட்டுக்கொடுத்துவிட்டது. எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தால் வந்தது. இந்த டெலிவரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பார்சல் பிரிக்கிற ஹப்பில் இருந்த சூப்பர்வைசர் தம்பி சொல்லிக்கொடுத்திருந்தான், பெல் அடிச்சா ரெண்டடி தள்ளி நில்லுங்கண்ணா, ஒருபக்கமாத் திரும்பி நில்லுங்க, உள்ள பாக்காதீங்க, பொம்பளைங்க கதவத் தொறக்கறப்ப பயந்துக்குவாங்க என்று. நல்ல பழக்கம்தான். இவனுக்கு அது எலும்பிலேயே ஊறிவிட்டது. ஊறி என்ன ஆயிற்று என்றால், போன வாரம் மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தவன் தன் வீட்டு பெல்லையே அடித்துவிட்டு, இரண்டடி தள்ளி, ஒருபக்கமாகத் திரும்பி நின்றான். பூங்கொடி கதவைத் திறந்தாள். இவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடிபி சொல்லுங்க என்றான். கட்டின பொண்டாட்டியிடம். உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் மிருதுளா விழுந்து விழுந்து சிரித்தாள், பூங்கொடியும் சிரித்தாள். இவனும் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. அப்படியே நின்றான், உள்ளே போகலாமா கூடாதா என்று யாராவது சொன்னால் தேவலை என்கிற மாதிரி. பூங்கொடியின் சிரிப்பு அப்போது நின்றது. துண்டை எடுத்து வந்து அவன் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டிக்கொண்டே, காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க வீட்டுக்குள்ள வர்றதயே மறந்துட்டீங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். குழந்தைவேலு மச்சான் பெரிய துணிக்கடையில் சரக்குப் பொறுப்பு, நாலு பேருக்கு வேலை வாங்கிக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறவர், தங்கச்சி கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை இவனைக் கூட்டிப்போய்க் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனைக் காட்டினார். உக்காந்த வேலை மாப்ள, தலைக்கு மேல பேனு, வர்ற சரக்கச் சரி பாத்துக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, முதலாளி வேற ஆளுக்குச் சொல்றதுக்கு முன்னால புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க என்றார். புதன்கிழமை இன்றைக்குத்தான். வேலையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நாற்காலிக்குச் சக்கரம்கூட இருந்தது. ஆனால் மேசை சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சென்னியப்பன் அதைப் பார்த்ததும் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவன் மோட்டார் வைண்டிங் பட்டறையில் இருந்தவன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலை, காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் திரும்ப வேண்டும். எதிரே ஒரு விரிசல். அது ஓணானாக இருந்து, வருசா வருசம் வளர்ந்து, உடும்பாகி, கடைசியில் வாயைப் பிளந்த முதலையானது. அவன் தலை நரைக்க ஆரம்பித்ததை அவனுக்கு முன்னால் அந்த முதலைதான் பார்த்தது. ஒருநாள் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி, வெளியே ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி போய்ச் சேர்ந்து, மகன் பட்டறையை மூடினபோது எல்லோரும் ஐயோ என்றார்கள், இவன் வாய் ஐயோ என்றது, மனசு அப்பாடா என்றது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? புலிக்குப் பயப்படுகிறவன் உண்டு, போலீசுக்குப் பயப்படுகிறவன் உண்டு, சுவருக்குப் பயப்படுகிற ஆம்பளை உண்டா? பூங்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. பாயில் சுவர்ப்பக்கம் அவள்தான் படுக்கிறாள், அது எப்போதிலிருந்து என்று அவனுக்கே நினைவில்லை.

இரண்டாவது மாடி. தோள் மாற்றிக்கொண்டான். சட்டைப் பையில் போன் ஒருமுறை உறுமி அடங்கியது, மச்சானாக இருக்கும், இல்லை அவளாக இருக்கும், இரண்டு கையும் பெட்டியில் இருப்பது நல்லதாகப் போயிற்று. இந்த வேலையில் அப்படி என்ன கண்டாய் என்று யாராவது கேட்டால் அவனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்ல முடியாது. கதவு திறக்கிறது, அவ்வளவுதான். பெல் அடித்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, உள்ளே தாழ்ப்பாள் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ இதோ வர்றேன் என்பது, அப்புறம் ஒரு முகம். தலையில் துண்டு கட்டின முகம், பாதி பவுடர் போட்ட முகம், தூங்கி எழுந்து கன்னத்தில் தலையணைக் கோடு விழுந்த முகம். அம்மா, என் கவுனு வந்துருச்சு என்று குதிக்கிற பொடிசு. பொண்டாட்டிக்குத் தெரியாமல் தலைச்சாயம் வாங்கி, டப்பாவைப் பனியனுக்குள் ஒளித்துக்கொண்டு, கண்ணால் ஜாடை காட்டுகிற பெரிய மனுசன். எல்லா முகத்திலும் ஒரு சந்தோசம். அது டப்பாவுக்கு உண்டான சந்தோசம், இவனுக்கு உண்டானதில்லை, அது தெரியாத அளவுக்கு அவன் ஒன்றும் மக்கு இல்லை. கதவை ஒரு சாண் திறந்து கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், முகமே தெரியாது, வளையலை வைத்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சந்தோசம் டப்பாவுக்கு வருகிற வழியில் இவன் மேலும் கொஞ்சம் சிந்துகிறது. முதலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அதுவே போதும். அதை விட்டுவிட்டுத் திரும்பவும் சுவருக்கா? முடியாது, மச்சானிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் பூங்கொடி ஒன்றும் சொல்லமாட்டாள், உங்க இஷ்டமுங்க என்பாள், அதற்கப்புறம் இவன் பைக்கை எடுக்கிற ஒவ்வொரு காலையிலும் வாசலில் நின்று முட்டியையே பார்ப்பாள். ஆனால் அவளுக்கு முட்டி விசயம் தெரியாதே. வீக்கத்தை ஒருநாளும் காட்டியதில்லை. காட்டியதில்லையா? ஒருதடவை சாக்ஸை முட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு தூங்கினானே.

மூன்றாவது மாடிக்கு இன்னும் இரண்டு மூன்று படி இருக்கும்போது முட்டி நின்றுவிட்டது. வலி என்றுகூட இல்லை, யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி மடங்கமாட்டேன் என்றது. பெட்டி பின்னால் சாய்ந்தது. ஒரு நொடிதான், அந்த ஒரு நொடியில் கிரைண்டர் கல்லு படிப்படியாக உருண்டு, கீழே முதல் மாடியில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தானே ஒரு பொடியன், அவன்மேல் போய் விழுந்ததை முழுசாகப் பார்த்துவிட்டான். சத்தம்கூடக் கேட்டது. அம்மா என்று தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்டபோது பெட்டி சுவரோடு அணைந்து நின்றிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள் மணி கீழே கிணுகிணுவென்று கேட்டது, பொடியன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறான். சென்னியப்பன் பெட்டியை மெல்லப் படியில் இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. தன் முட்டி போனால் தன்னோடு போகட்டும், ஊரான் வீட்டுக் குழந்தை என்ன பாவம் செய்தது? முட்டி இன்றைக்கு நின்றது, நாளைக்கும் நிற்காதா? அப்படியானால் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்தாலும் மனசு அந்தக் குடோன் சுவரை நினைத்து நகரமாட்டேன் என்கிறது. போகாமல் இருந்தால் குழந்தைமேல் கல்லு, போனால் முதலை. இது என்னடா கஷ்டம், இப்படி நடு மாடியில் உட்கார வைத்துவிட்டது. மேலே செருப்புச் சத்தம் கேட்டது. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள், கையெல்லாம் மாவு. அண்ணா, முடியலைன்னா அங்கயே வெச்சிருங்க, அவரு வந்து எடுத்துக்குவாரு என்றாள். இல்லைங்க, வந்துட்டே இருக்கேனுங்க என்றான், உட்கார்ந்துகொண்டே. அவள் நம்பவில்லை. இறங்கி வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இத்தனை நாளில் வாங்குகிறவர் கையை அவன் பெட்டியில் பட விட்டதில்லை, அவர்கள் வீட்டுச் சாமான்தான் என்றாலும் வாசல் வரைக்கும் அது இவன் பொறுப்பு. இன்றைக்கு விட்டான். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

கோலம் போட்ட வாசல் வந்ததும் பழக்கதோசத்தில் பெட்டியை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி, ஒருபக்கமாகத் திரும்பி நின்றான். அந்தப் பெண்ணுக்கு அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். அட உள்ள வாங்கண்ணா, சமையல்கட்டுல வெச்சிருவோம், நான் ஒருத்தி இதைத் தூக்க முடியாது என்றாள். உள்ளேயா? வாசற்படியை அவன் கால் பார்த்தது, அவன் காலைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். எத்தனை ஆயிரம் வாசல், ஒன்றிலும் உள்ளே போனதில்லை. உள்ளே ஒரு கூடம், ஒரு கொடியில் துணி, மாவு உறைந்துபோன ஒரு பழைய ஆட்டுக்கல். அதில் ஆட்டி ஆட்டித் தோள்பட்டை போயிருச்சுங்கண்ணா, தம்பிதான் சென்னைல இருந்து வாங்கி அனுப்பியிருக்கான் என்றாள் செல்வநாயகி. அட, விசயம் அப்படியா. இவ்வளவு நேரம் திட்டினதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். இவன் முட்டியைக் கொடுத்து அவள் தோள்பட்டையைக் காப்பாற்றியாயிற்று, நல்ல கணக்கு. கிரைண்டரை மேடையில் தூக்கி வைத்து, வயரைச் செருகிப் போட்டுப் பார்த்தான். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் காது தானாகச் சாய்ந்தது, நல்ல சுற்று, எவனோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுற்றியிருக்கிறான், மகராசன். சித்தெ உக்காருங்கண்ணா என்று அவள் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள், மோரை நீட்டினாள். ஸ்டூல் வாசலைப் பார்த்துக் கிடந்தது. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, திறந்திருக்கிற கதவு வழியாக மாடிப்படியைப் பார்த்தான். எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிச்சமாக இருக்கிறது. மோர் குளிர்ச்சியாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

இறங்கும்போது வலது கால்தான் முதலில். இறங்கி, பைக்கில் உட்கார்ந்து, போனை எடுத்த பிறகுதான் தலையில் கை வைத்தான். ஓடிபி வாங்கவில்லை. பொண்டாட்டியிடம் ஓடிபி கேட்டவன், கேட்க வேண்டிய இடத்தில் மோரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். பெட்டியைக் கொடுத்தாயிற்று, நம்பர் இல்லாமல் போன் அதை ஒப்புக்கொள்ளாது, இன்னமும் உன் கையில்தான் இருக்கிறது என்று சாதிக்கும். நாலு மாடியையும் அண்ணாந்து பார்த்தான். முட்டி இப்போதே இல்லை என்று தலையாட்டியது. என்ன செய்ய என்று யோசிப்பதற்குள் நாலாவது மாடி பால்கனியில் செல்வநாயகி வந்து நின்றாள், கையில் போன். நம்பர் வாங்காமயே போறீங்களே அண்ணா என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக, குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். சைக்கிள் பொடியன் கூடவே திருப்பிச் சொன்னான். சென்னியப்பன் தட்டினான். பச்சை நிறத்தில் டிக் வந்தது. கை ஆட்டினான், அவளும் ஆட்டினாள். திரையில் மணியைப் பார்த்தான், மத்தியானம் ஆகப் போகிறது. பூங்கொடியின் அழைப்பு ஒன்று விட்டுப்போனது என்று காட்டியது. மரத்தடிக்கு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டான். மணி அடிக்கவே இல்லை, அதற்குள் எடுத்துவிட்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்ததெல்லாம் எங்கோ போயிற்று. முட்டி முடியலை புள்ள, என்றான். இன்னைக்கு மாடில நின்னுபோச்சு, கீழ ஒரு கொழந்த இருந்துச்சு. சொல்லி முடித்ததும் அழுகை வரும்போல இருந்தது, மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூங்கொடி பதறவில்லை. தெரியுமுங்க, என்றாள், நீங்களே வாயத் தொறந்து சொல்லோணும்னுதான் பாத்துட்டு இருந்தேன். அப்படியானால் சாக்ஸ் விசயம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. சரி, அண்ணங்கிட்ட வர்றேன்னு சொல்லிரு என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், முதலை வாயைத் திறக்கிறதா என்று பார்த்தான். மறுபக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க. அண்ணங்கிட்ட நான் ஒண்ணு சொல்லிப்போட்டேன்."

என்ன சொன்னே என்றான்.

"மேசை செவுத்தப் பாத்து இருந்தா எங்க வீட்டுக்காரரு வரமாட்டாருன்னு சொன்னேன். வாசலப் பாத்துத்தான் நாற்காலி போடோணும்னு. நேத்து அண்ணனே போயி ஆளை வெச்சு நகத்திப் போட்டுட்டாரு. சரக்கு கொண்டு வர்றவங்க எல்லாம் அந்த வாசல்லதான் வருவாங்களாமுங்க."

சுவரைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லமாட்டாள், இவ்வளவு வருசம் சுவர்ப்பக்கம் படுத்தவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருநாள் அந்த குடோன் வாசலில் எவனாவது பெட்டியோடு வந்து இரண்டடி தள்ளி நிற்பான், அட உள்ள வாங்க தம்பி, சித்தெ உக்காருங்க என்று இவன் சொல்ல வேண்டும். ஒரு ஸ்டூலும் ஒரு பானைத் தண்ணீரும் வைக்கச் சொல்லி மச்சானிடம் கேட்க வேண்டும். இருக்கீங்களா என்றாள் பூங்கொடி. இருக்கறேன் என்றான். சாயங்காலம் பெல் அடிச்சுட்டு வெளிய நின்னுட்டு இருக்காதீங்க, கதவு தொறந்தேதான் கிடக்கும், வந்துருங்க என்றாள். சரி என்றான். போனைப் பையில் போட்டுவிட்டு மூட்டையைத் திறந்து பார்த்தான். மேலாக ஒரு சின்ன டப்பா, அடுத்த தெரு, தரைத் தளம்.